புகாரே தீர்ப்பாகிவிடும் அவலம்

2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் பதிப்புரிமைச் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது நாடு முழுவதும் பேசப்பட்டது, திரைப்படப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் கிடைக்கவிருந்த உரிமைத்தொகையைப் பற்றித்தான். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். அந்தப் பரபரப்பில், அதே மசோதாவில் இருந்த மற்றொரு விதி அதிகம் கவனிக்கப்படவில்லை.

இணையத்தின் வழியே கிடைக்கும் ஒரு படைப்பு தமது பதிப்புரிமையை மீறுகிறது என்று உரிமையாளர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், அதைத் தற்காலிகமாகச் சேமித்து வழங்கும் நிறுவனம் 21 நாள்களுக்கு அதை முடக்கி வைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம் என்பதே அந்த விதி. 2013-இல் வந்த பதிப்புரிமை விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. புகார் கொடுப்பவர், உரிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 21 நாள்களுக்குள் உத்தரவைப் பெற்றுத் தருவதாக உறுதிமொழி அளிக்க வேண்டும் என்றது 75-ஆவது விதி. புகார் என்பது புகார் மட்டுமே. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம் என்ற எளிய நியாயத்தை இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

ஆனால், இந்த நியாயம் இந்தியாவில் மென்பொருள் எழுதும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. அவர்கள் எழுதும் நிரல்கள் இருக்குமிடம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குச் சொந்தமான கிட்ஹப் தளம். அவர்களது செயலிகள் விற்கப்படும் கடைவீதி, கூகுளின் பிளே ஸ்டோரும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரும். இம்மூன்றும் அமெரிக்க நிறுவனங்கள். பதிப்புரிமைப் புகார் என்று வந்தால் அங்கே செல்லுபடியாவது, 1998 அக்டோபரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், சுருக்கமாக டிஎம்சிஏ, வகுத்த நடைமுறைதான்.

இணையம் வளரத் தொடங்கிய காலத்தில் இரு தரப்புக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின் விளைவு அச்சட்டம். பயனாளிகள் பதிவேற்றும் ஒவ்வொன்றுக்கும் தங்களைப் பொறுப்பாக்கக் கூடாது என்றன இணைய நிறுவனங்கள். திருட்டுப் பிரதிகளை அகற்ற ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேற முடியாது என்றனர் உரிமையாளர்கள். இரண்டுக்கும் வழி சொன்னது சட்டம். நோட்டீஸ் வந்தவுடன் தாமதமின்றி அகற்றிவிட்டால் இணைய நிறுவனத்தின் மீது நஷ்டஈட்டுப் பொறுப்பு இல்லை. அகற்றப்பட்டவர் எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாள்களுக்குள் அகற்றியதைத் திரும்ப வைக்க வேண்டும்.

காகிதத்தில் இது நடுநிலையானதாகத் தோன்றும். நடைமுறையில் தராசு ஒரு பக்கமாகவே சாய்கிறது. அகற்றினால் நிறுவனத்துக்கு ஆபத்து எதுவுமில்லை. அகற்றாவிட்டால் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டு வழக்கு வரலாம். இந்நிலையில், நோட்டீஸில் உண்மை இருக்கிறதா என்று ஆராய எந்த வணிக நிறுவனம் நேரம் செலவிடும்? ‘முதலில் அகற்று, பிறகு பார்க்கலாம்’ என்பதே எழுதப்படாத விதியாகிவிட்டது.

உலாவிக்கு வந்த தண்டனை

2023-ஆம் ஆண்டு மே மாதம் நிகழ்ந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க சான்று. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிப் பெட்டிகளில் கோப்புகளை இறக்கிக்கொள்ள உதவும் ‘டவுன்லோடர்’ என்ற செயலியைக் கூகுள் தனது கடையிலிருந்து நீக்கியது. 50 லட்சத்துக்கும் அதிகமான முறை இறக்கிக்கொள்ளப்பட்டிருந்த செயலி அது. இஸ்ரேலியத் தொலைக்காட்சி நிறுவனங்களின் சார்பில் ஒரு சட்ட நிறுவனம் அனுப்பிய நோட்டீஸே காரணம். அந்தச் செயலியைக் கொண்டு, திருட்டுத்தனமாக நிகழ்ச்சிகளை வழங்கும் ஓர் இணையதளத்துக்குச் செல்ல முடிகிறது என்பதே குற்றச்சாட்டு.

அந்தச் செயலி அடிப்படையில் ஓர் இணைய உலாவி. முகவரியைத் தட்டச்சு செய்தால் எந்த இணையதளத்துக்கும் அது செல்லும். கூகுளின் குரோம் உலாவியும் அதே இணையதளத்துக்குச் செல்லும். செயலியை உருவாக்கியவர் இதைச் சுட்டிக்காட்டி முறையிட்டபோது கூகுள் அதை ஏற்கவில்லை. பின்னர் அவர் சட்டப்படியான எதிர் நோட்டீஸ் அனுப்பினார். புகார் கொடுத்தவர்கள் குறித்த கெடுவுக்குள் வழக்குத் தொடுக்கவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் செயலி கடைக்குத் திரும்பியது. இடைப்பட்ட நாள்களில் அவர் இழந்ததை ஈடுசெய்ய எவரும் முன்வரவில்லை. கொலையாளி இந்தச் சாலை வழியாகத்தான் போனான் என்று சொல்லிச் சாலை போட்டவரைச் சிறையில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

2020 அக்டோபரில் ‘யூடியூப்-டிஎல்’ என்ற மென்பொருளுக்கு நேர்ந்ததும் இதே வகைதான். இணையத்தில் உள்ள காணொலிகளைக் கணினியில் சேமித்துக்கொள்ள உதவும் அந்தத் திறமூல மென்பொருளைப் பத்திரிகையாளர்களும் ஆவணக் காப்பாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் பயன்படுத்தி வந்தனர். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கடிதம் அனுப்பியதும் கிட்ஹப் அதை அகற்றியது. எழுந்த எதிர்ப்பையும், இணைய உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் அளித்த சட்ட விளக்கத்தையும் அடுத்து, நவம்பர் 16-ஆம் தேதி கிட்ஹப் அதைத் திரும்ப வைத்தது. இத்தகைய வழக்குகளில் சிக்கும் நிரலாளர்களுக்கு உதவ 10 லட்சம் டாலர் நிதியையும் அறிவித்தது. உலகமே பேசியதால் யூடியூப்-டிஎல் பிழைத்தது. பெயர் தெரியாத சிறு நிரலாளருக்காக உலகம் பேசுவதில்லை.

எமுலேட்டர் குற்றமா?

இத்தகைய நோட்டீஸ்களாலும் வழக்குகளாலும் அதிகம் அலைக்கழிக்கப்படுவோர் எமுலேட்டர் எழுதுபவர்கள். ஒரு கருவிக்காக எழுதப்பட்ட மென்பொருளை வேறொரு கருவியில் இயங்கச் செய்யும் மென்பொருளே எமுலேட்டர். 30 ஆண்டுகளுக்கு முன் விற்ற விளையாட்டுப் பெட்டி இன்று கிடைப்பதில்லை. பழுதானால் உதிரி பாகமும் இல்லை. அந்தப் பெட்டியின் செயல்பாட்டை அப்படியே பின்பற்றும்படி ஒரு நிரலை எழுதினால், பழைய விளையாட்டு இன்றைய கணினியில் இயங்கும். அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று சந்தையில் கிடைப்பதில்லை என்று 2023-இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு கூறியது. அவற்றை வருங்காலத் தலைமுறைக்குக் காப்பாற்றித் தர எமுலேட்டரைத் தவிர வேறு வழி அரிது.

எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல என்று அமெரிக்க நீதிமன்றமே கூறியிருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை மேக் கணினியில் இயங்கச் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குத் தொடுத்தது. சோனியின் மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்து, அதன் செயல்பாட்டைப் புரிந்துகொண்டு, புதிய மென்பொருளை எழுதியது நியாயமான பயன்பாடே என்று 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம், பிளீம் என்ற மற்றொரு எமுலேட்டர் நிறுவனம் ஒப்பீட்டு விளம்பரத்தில் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளின் திரைப்பிடிப்புகளைப் பயன்படுத்தியது தொடர்பான வழக்கிலும் சோனிக்கு எதிராகவே அந்நீதிமன்றம் கருத்துத் தெரிவித்தது.

ஆயினும், தீர்ப்பில் வென்றவர்கள் சந்தையில் நிலைக்கவில்லை. வழக்குச் செலவில் நலிந்த பிளீம் 2001-இல் மூடப்பட்டது. கனெக்டிக்ஸின் எமுலேட்டரைச் சோனியே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்தியது. சட்டம் யார் பக்கம் என்பதைவிட, வழக்கறிஞர் கட்டணத்தை யாரால் தொடர்ந்து செலுத்த முடியும் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. நிண்டெண்டோ நிறுவனம் 2024 பிப்ரவரியில் ‘யூசு’ எமுலேட்டரை உருவாக்கியவர்கள் மீது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு வாரத்துக்குள் அவர்கள் 24 லட்சம் டாலர் கொடுக்கவும் எமுலேட்டரைக் கைவிடவும் ஒப்புக்கொண்டனர். வழக்கு சமரசத்தில் முடிந்ததால், எமுலேட்டர் சட்டப்படி சரியா தவறா என்ற கேள்விக்கு விசாரணை நடந்து விடை கிடைக்கவில்லை. ஆயினும், அந்தச் சமரசம் அடுத்தடுத்த நடவடிக்கைகளுக்கு அடித்தளமானது. சில வாரங்களில் நிண்டெண்டோ அனுப்பிய ஒரே நோட்டீஸில், யூசுவின் நிரலைப் பிரதியெடுத்து வைத்திருந்த 8,535 தொகுப்புகளைக் கிட்ஹப் முடக்கியது. அவற்றை வைத்திருந்தவர்கள் எவரும் அந்த வழக்கில் பிரதிவாதிகள் அல்லர்.

அதற்கு முந்தைய ஆண்டில் ‘டால்ஃபின்’ என்ற பழைய எமுலேட்டர் ஸ்டீம் கடைக்கு வரவிருந்தது. நிண்டெண்டோவின் சட்டத்துறை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதம் ஒன்றே அதைத் தடுத்து நிறுத்தப் போதுமானதாக இருந்தது. வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை.

நிண்டெண்டோவின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதன் ‘செல்டா’ வரிசை விளையாட்டு ஒன்று 2023 மே மாதம் விற்பனைக்கு வருவதற்கு முன்பே கசிந்து, 10 லட்சத்துக்கும் அதிகமான முறை திருட்டுத்தனமாக இறக்கிக்கொள்ளப்பட்டது என்று அதன் வழக்கு மனு கூறியது. பல ஆண்டு உழைப்பு வெளியீட்டுக்கு முன்பே களவு போவதன் வலி, புதுப்படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி இணையத்தில் உலவுவதைக் கண்டு பதறும் தமிழ்த் திரையுலகுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களவைத் தடுக்க விரைவான வழி வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. களவுப் பொருளையும், களவுக்குப் பயன்படக்கூடும் என்று சொல்லப்படும் கருவியையும் ஒரே நோட்டீஸால், ஒரே வேகத்தில், விசாரணையின்றி அழிக்கலாமா என்பதே கேள்வி. வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தில் வாதாடுவது உரிமை. வழக்கே இல்லாமல் ஒரு கடிதத்தால் வென்றுவிடுவது வேறு.

எந்திரம் அனுப்பும் நோட்டீஸ்

இன்று நோட்டீஸ்களில் பெரும்பகுதியை மனிதர்கள் எழுதுவதில்லை. பெரு நிறுவனங்களுக்காகத் தானியங்கி மென்பொருள்கள் இணையத்தைத் துழாவி, பெயர் பொருந்தினாலே போதுமென்று நோட்டீஸ்களை அனுப்பிக் குவிக்கின்றன. 2014-இல் குவால்காம் நிறுவனத்தின் சார்பில் அனுப்பப்பட்ட நோட்டீஸால் கிட்ஹப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் முடங்கின. அவற்றில் சோனி நிறுவனத்துடையதும் அடக்கம் என்பது தெரிய வந்தபோது குவால்காம் அந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றது.

இது தனித்த தவறு அல்ல. 10.8 கோடிக்கும் அதிகமான நீக்கக் கோரிக்கைகளிலிருந்து மாதிரி எடுத்து, அமெரிக்காவின் பெர்க்லி, கொலம்பியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம் ஐயத்துக்கு இடமானவை என்று கண்டது. நூற்றுக்கு நான்கு கோரிக்கைகளில், திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட படைப்பும் நீக்கக் கோரப்பட்ட பொருளும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

அறியாமல் செய்யும் தவறு ஒருபுறம் இருக்க, அறிந்தே செய்யும் மோசடியும் வளர்ந்துவிட்டது. 2023 நவம்பரில் கூகுள் நிறுவனம் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுத்தது. வியட்நாமைச் சேர்ந்த இருவர் 65 போலிக் கணக்குகளைத் தொடங்கி, தங்களது வணிகப் போட்டியாளர்களின் 1,17,000-க்கும் அதிகமான இணைய முகவரிகளைத் தேடுபொறியிலிருந்து நீக்கச் சொல்லிப் பொய்யான பதிப்புரிமைப் புகார்களை அனுப்பினர் என்பது கூகுளின் குற்றச்சாட்டு. நோட்டீஸ் என்ற ஆயுதம், உரிமையே இல்லாதவர் கையிலும் எவ்வளவு எளிதாகச் சேர்ந்துவிடுகிறது என்பதை அந்த மனுவே காட்டிக்கொடுத்தது.

அரசியல் விழிப்புணர்வு உள்ள எவரையும் கவலைகொள்ளச் செய்ய வேண்டிய எடுத்துக்காட்டு இன்னும் பழையது. 2003-இல் அமெரிக்காவின் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத் தயாரிப்பாளரான டீபோல்ட் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. எந்திரங்களில் இருந்த குறைபாடுகளைப் பற்றி அந்நிறுவன ஊழியர்களே அவற்றில் பேசிக்கொண்டிருந்தனர். கல்லூரி மாணவர்கள் அவற்றை இணையத்தில் வெளியிட்டனர். டீபோல்ட் அனுப்பியது அவதூறு வழக்கு நோட்டீஸ் அல்ல, பதிப்புரிமை நோட்டீஸ். மக்களாட்சியின் அடித்தளமான வாக்கைப் பற்றிய விவாதத்தை மூடி மறைக்கப் பதிப்புரிமை கேடயமானது. பதிப்புரிமை மீறல் இல்லை என்று தெரிந்தே டீபோல்ட் பொய்யான நோட்டீஸ் அனுப்பியதாக 2004-இல் நீதிமன்றம் கூறியது. அந்நிறுவனம் 1,25,000 டாலர் கொடுக்க நேர்ந்தது.

பொய் நோட்டீஸ் அனுப்பியவர் அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டம் செலுத்திய மிகச் சில வழக்குகளுள் அது ஒன்று. காரணம், ‘தெரிந்தே பொய் சொன்னார்’ என்பதை நிரூபிக்க வேண்டும். ‘அப்படித்தான் நம்பினேன்’ என்று சொல்லித் தப்பிவிட வழியிருக்கிறது.

சட்டத்தின் சொற்களிலேயே இந்த ஏற்றத்தாழ்வு பதிந்திருக்கிறது. புகார் கொடுப்பவர், உரிமையாளரின் சார்பில் பேசத் தமக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு மட்டுமே பொய்ச்சாட்சிக் குற்றத்தின் பிணையில் உறுதி கூறுகிறார். உரிமை மீறப்பட்டது என்ற முக்கியமான கூற்றுக்கு அந்தப் பிணை இல்லை. நல்லெண்ண நம்பிக்கை போதும். எதிர் நோட்டீஸ் கொடுப்பவரோ, தமது படைப்பு தவறுதலாக நீக்கப்பட்டது என்ற கூற்றுக்கே பொய்ச்சாட்சித் தண்டனையின் அச்சத்தில் கையெழுத்திட வேண்டும். குற்றம் சாட்டுபவருக்குச் சலுகை, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சத்தியப்பிரமாணம்!

இந்திய நிரலாளர் எங்கே போவார்?

கோவையிலோ இந்தூரிலோ ஒரு பொறியியல் மாணவர் எழுதிய செயலி இவ்வாறு நீக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எதிர் நோட்டீஸ் கொடுக்க விரும்பினால் தமது பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தர வேண்டும். அவை புகார் கொடுத்தவரின் கைக்கே போய்ச் சேரும். அதோடு, அந்த இணைய நிறுவனம் இருக்கும் பகுதியின் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூகுளும் ஆப்பிளும் கிட்ஹப்பும் இருப்பது கலிஃபோர்னியாவில். கடவுச்சீட்டே இல்லாத மாணவர், கலிஃபோர்னியாவில் வழக்கை எதிர்கொள்ளச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடுவாரா? செயலியை மறந்துவிட்டு வேலை தேடப் போவதே அவருக்கு விவேகமாகத் தோன்றும். இவ்வாறு மௌனமாக ஒதுங்கியவர்கள் எந்த வழக்கிலும் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

இது சிலரைப் பற்றிய பிரச்சினை அல்ல. கிட்ஹப் தளத்தைப் பயன்படுத்தும் நிரலாளர் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருப்பதாகவும், 2028-க்குள் அமெரிக்காவையே மிஞ்சிவிடும் என்றும் 2024-இல் அந்நிறுவனம் கணித்தது. உலகிலேயே மிகப் பெரிய நிரலாளர் கூட்டம் வாழப்போகும் நாட்டில், அவர்களது உழைப்பின் மீதான வழக்கு மட்டும் வேறொரு நாட்டின் சட்டப்படி, வேறொரு நாட்டின் நீதிமன்றத்தில் நடக்கும் என்பது வினோதம்.

இத்தனைக்கும் இந்தியச் சட்டம் நிரலாளருக்குப் பகையானது அல்ல. தனித்து உருவாக்கிய ஒரு மென்பொருள் மற்றொன்றுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெற, முறையாக வாங்கிய மென்பொருளை ஆராய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவு 2012-இல் சேர்க்கப்பட்டபோதும், சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்யப்படுவதற்கு அது பொருந்தாது என்று நாடாளுமன்றம் விலக்கு அளித்தது. அமெரிக்கச் சட்டம் இந்த அளவுக்குத் தாராளமானது அல்ல. ஆதாரமின்றிப் பதிப்புரிமை வழக்கு மிரட்டல் விடுப்பவர் மீது, மிரட்டப்பட்டவரே வழக்குத் தொடுத்துத் தடையும் நஷ்டஈடும் பெற 60-ஆவது பிரிவு வழி செய்கிறது. கணினியே பரவலாக அறியப்படாத 1957-இல் எழுதப்பட்ட பிரிவு அது!

குறைகளும் உண்டு. 75-ஆவது விதிப்படி இணைய நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால், பாதிக்கப்படும் நிரலாளருக்குத் தகவல் தெரிவித்து அவரது பதிலைக் கேட்கும் எதிர் நோட்டீஸ் முறை இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. 21 நாள்கள் கடந்தால் திரும்பத் திறக்க ‘வேண்டும்’ என்று சட்டம் சொல்லவில்லை. திறக்க ‘லாம்’ என்றுதான் சொல்கிறது. ஒரு சொல்லின் இடைவெளியில் ஒருவரது வாழ்வாதாரம் தொங்குகிறது. அந்தப் பிரிவும் தற்காலிகமான, இடைநிகழ்வான சேமிப்பைப் பற்றியே பேசுகிறது. செயலிக் கடைகளில் நிலையாக இருக்கும் செயலிக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்கு உரியது.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இந்த இடைவெளியை அடைக்கவில்லை. இணைய நிறுவனங்கள் ஒரு கருத்தை நீக்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் அல்லது அரசின் உத்தரவு வேண்டும் என்று 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமைக்குக் கிடைத்த அந்தக் காப்பு பதிப்புரிமைக்கு நீட்டிக்கப்படவில்லை. பதிப்புரிமையைப் பொறுத்தவரை உரிமையாளர் குறிப்பிட்ட தகவலைத் தெரிவித்தாலே போதும், நீதிமன்ற உத்தரவு தேவையில்லை என்று 2016 டிசம்பரில் மைஸ்பேஸ் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. ஒருவர் எழுதிய கவிதையை நீக்குவதற்கு வேண்டிய உத்தரவு, அவர் எழுதிய நிரலை நீக்குவதற்கு வேண்டியதில்லை என்பதே இதன் நடைமுறை விளைவு.

தில்லி விரும்பினால் முடியும்

அமெரிக்க நிறுவனங்களை இந்தியா என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கக்கூடும். 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். கட்டணத் தகராறு ஒன்றில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தனது கடையிலிருந்து நீக்கியது. அது பதிப்புரிமைப் பிரச்சினை அல்ல, வசூல் பிரச்சினை. ஆனால், நீக்கும் அதிகாரம் அதேதான். செயலிகளை நீக்குவதை அனுமதிக்க முடியாது என்று மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் வெளிப்படையாக அறிவித்தார். இரு தரப்பையும் பேச்சுக்கு அழைத்தார். சில நாள்களில் செயலிகள் திரும்ப வந்தன.

அப்போது குரல் கொடுத்தவை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள். அமைச்சரின் கதவைத் தட்ட அவற்றுக்கு ஆள்பலம் இருந்தது. தனி ஒரு நிரலாளருக்கு அது இல்லை. பெரியவருக்கு அமைச்சரின் தொலைபேசி, சிறியவருக்குக் கலிஃபோர்னியா நீதிமன்றம் என்ற நிலை தொடரக் கூடாது. அமைச்சரின் தனிப்பட்ட தலையீட்டால் கிடைத்ததை, எவருக்கும் கிடைக்கும் சட்ட உரிமையாக மாற்றுவதே அரசின் கடமை.

அதற்கு நான்கு நடவடிக்கைகள் போதும். முதலாவதாக, இந்தியாவில் வணிகம் செய்யும் செயலிக் கடைகளும் நிரல் தளங்களும், இந்திய நிரலாளரின் படைப்பை நீக்கும்போது, புகாரின் முழு நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும். இந்தியாவிலேயே பதிலளிக்கவும், இந்திய நீதிமன்றத்துக்கு மட்டுமே கட்டுப்படவும் அவருக்கு வழி வேண்டும். இரண்டாவதாக, 21 நாள்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்ப வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நிலையான சேமிப்புக்கும் அதை விரிவாக்க வேண்டும். மூன்றாவதாக, நீக்க நோட்டீஸும் 60-ஆவது பிரிவு சொல்லும் மிரட்டலில் அடங்கும் என்று சட்டத்திலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். பொய் நோட்டீஸ் அனுப்பினால் பணம் போகும் என்ற அச்சம் வந்தால்தான் தானியங்கி நோட்டீஸ்களின் வெள்ளம் வடியும். நான்காவதாக, பெறப்படும் நோட்டீஸ்கள் அனைத்தும் பொதுவெளியில் வெளியிடப்பட வேண்டும். கிட்ஹப் ஏற்கெனவே தனக்கு வரும் நோட்டீஸ்களை வெளியிடுகிறது. ஒரு நிறுவனம் விரும்பிச் செய்வதைப் பிற நிறுவனங்கள் சட்டப்படி செய்வதில் சிரமம் இருக்க முடியாது.

இவை நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனைகள் அல்ல. 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கத்துக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வெளிப்படையாகவே ஆதாரமற்ற நோட்டீஸ்களை அடிக்கடி அனுப்புபவர்களின் நோட்டீஸ்களை ஏற்பதை, முன்னெச்சரிக்கைக்குப் பின் நிறுத்திவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐரோப்பாவால் முடிந்தது இந்தியாவால் முடியாதா?

பதிப்புரிமைச் சட்டம் இப்போது மத்திய வர்த்தக, தொழில் அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது. புதிய தொழில்முனைவோரை ஊக்குவிக்கும் பொறுப்பும் அதே அமைச்சகத்தினுடையது. ஒரு கையால் ‘ஸ்டார்ட்-அப் இந்தியா’ என்று அழைத்துவிட்டு, மறுகையால் அவர்களை வெளிநாட்டு நோட்டீஸ்களின் கருணைக்கு விட்டுவிடுவது பொருத்தமாகாது. நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைத் தொழில்நுட்ப நிபுணர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2012-இல் பாடலாசிரியர்களுக்காகக் கட்சி வேறுபாடின்றி எழுந்த அவைதான் இது. பாட்டெழுதுபவரின் உழைப்பைத் தயாரிப்பாளர் பறித்துக்கொள்ளக் கூடாது என்று அன்று சொன்ன நாடாளுமன்றம், நிரலெழுதுபவரின் உழைப்பை ஒரு கடிதம் பறித்துக்கொள்ளக் கூடாது என்று இன்று சொல்ல வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் பாடம். அந்தப் பாடத்துக்குச் செயலிக் கடைகள் விலக்கல்ல.